கருணாகரனின் இடது கை

தி.நகரில் பட்டு விற்றவர்கள் எத்தனையோ பேர். பட்டை விரித்துக் காட்டத் தெரிந்தவர் கருணாகரன் ஒருத்தர்தான். இதை யார் மறுத்தாலும் சண்டைதான். பனகல் பூங்கா பக்கம் சுயம்புலிங்கம் அண்ணாச்சியின் ஜவுளிக்கடையில், பட்டுப் பகுதியின் வெள்ளை விரிப்பில் அவர் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் அந்த மூலைக்கே ஒரு களை வந்துவிடும். மடிப்பைப் பிரித்து முந்தானையை இடது முன்கையில் படரவிட்டு, கையை விளக்குக்கு நேரே தூக்கி லேசாகத் திருப்புவார். அவ்வளவுதான், ஜரிகை பேச ஆரம்பித்துவிடும். வந்தவர்கள் அந்தக் கையின் மேலேயே துணியைத் தடவிப் பார்த்து, அதட்டி விலை கேட்டு, கடைசியில் வாங்கிக்கொண்டுதான் எழுந்திருப்பார்கள்.

மனுஷருக்கும் அதில் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. "என்கிட்ட உக்காந்த பொம்பளை வெறுங்கையோட எந்திரிச்சதா சரித்திரமே கிடையாது" என்று காப்பி குடிக்கும்போதெல்லாம் சொல்லுவார். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைப்புக்கு வந்து, சைதாப்பேட்டையில் வாடகைக்கு வீடு பிடித்து, தினம் ரயிலில் மாம்பலத்துக்கு வந்து போகிற ஆள். சொத்து, நகை என்று ஒன்றும் கிடையாது. அந்த வெள்ளை விரிப்புதான் அவருக்கு ராஜ்ஜியம்.

அந்த ராஜ்ஜியத்துக்கு எழுபத்திரண்டாம் வருஷம் ஆடி முடிகிற சமயத்தில் வேட்டு வந்தது.

மயிலாப்பூரிலிருந்து ஜெயலக்ஷ்மி மாமி, பெண்ணின் ஆவணிக் கல்யாணத்துக்குப் புடவை எடுக்க வந்திருந்தாள். கூடவே நாத்தனார், ஓர்ப்படி, பக்கத்து வீட்டு ஜலஜா என்று ஒரு படையே வந்திருந்தது. மாமிக்குக் கண்ணைவிட விரல் மேல்தான் நம்பிக்கை. கண்ணை மூடிக்கொண்டு துணியைத் தடவியே இது எந்தத் தரம் என்று சொல்லிவிடுகிற ரகம். கருணாகரன் மாம்பழ மஞ்சளில் அரக்குக் கரை போட்ட புடவை ஒன்றை எடுத்துக் கையில் படரவிட்டார். மாமி கண்ணை மூடி முந்தானையைத் தடவிக்கொண்டே வந்தாள். நடுவில் விரல் நின்றது.

"ஏம்ப்பா, இங்க என்னமோ நிரடறதே?"

கருணாகரனுக்குத் தெரியும். நிரடியது புடவை இல்லை. முழுக்கைச் சட்டைக்குள்ளே, அவர் முன்கையில் வரிசையாக உட்கார்ந்திருந்த கொழுப்புக்கட்டிகள்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல மாமி. வேற பாப்போம்" என்று பச்சையில் ஒன்றை எடுத்தார். விரிப்பின் மேல் போட்டுக் காட்டியிருக்கலாம். இருபது வருஷப் பழக்கம் விடுமா? கை தானாகத் தூக்கிக்கொண்டது. மாமியின் விரலும் தானாக அதே இடத்துக்குப் போனது.

"இதுலயும் முடிச்சு விழுந்திருக்கு! ஜலஜா, நீ தொட்டுப் பாரு."

ஜலஜா தொட்டாள். "ஆமா மாமி, சுண்டைக்கா மாதிரி ரெண்டு இருக்கே!"

மூன்றாவதாக எடுத்த ஊதாப் புடவைக்கும் அதே கதிதான். நாத்தனார் தொட்டாள், ஓர்ப்படி தொட்டாள், எல்லாருக்கும் முடிச்சு அகப்பட்டது. 'மாமி, அது என் கை' என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. சொல்ல வாய் வரவில்லை. நாலு மாசம் முன்னால்தான் அரைக்கைச் சட்டையில் உட்கார்ந்திருந்தபோது ஒரு அம்மாள் அவர் கையைப் பார்த்துவிட்டு, தொட்ட புடவையைத் தீப்பட்டதுபோல் உதறிவிட்டு எழுந்து போயிருந்தாள். அன்றைக்கு மாட்டியதுதான் இந்த முழுக்கைச் சட்டை.

"காஞ்சிபுரத்துல எல்லாருமா கண்ணை மூடிண்டா நெய்யறா? கல்யாணத்துக்கு முடிச்சு விழுந்த புடவையையா கட்டிண்டு நிப்பா எம்பொண்ணு?" என்று மாமி எழுந்தாள். படையும் எழுந்தது. கடை வாசல் தாண்டி பூங்கா வரைக்கும் அவர்கள் பேசிக்கொண்டே போனது கேட்டது.

கல்லாவில் இருந்த சுயம்புலிங்கம் அண்ணாச்சி இறங்கி வந்தார். மூன்று புடவையையும் மேஜையில் பரத்தி, அங்குலம் அங்குலமாகத் தடவினார். ஒரு முடிச்சும் இல்லை. நெய்தவன் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம், அப்படி நெசவு. அண்ணாச்சி மெதுவாகத் திரும்பிக் கருணாகரனைப் பார்த்தார்.

"கையை நீட்டுடே."

நீட்டினார். அண்ணாச்சியே சட்டைக் கையை மேலே சுருட்டினார். பார்த்த வேகத்தில் இரண்டு அடி பின்னால் போனார். அவர் முகம் வெளுத்துப்போனதைக் கருணாகரன் கவனிக்கத்தான் செய்தார். ஆனால் அந்த நிமிஷம் அதற்கு அர்த்தம் என்ன என்று யோசிக்கிற நிலைமையில் அவர் இல்லை.

"இதை வச்சுக்கிட்டா கல்யாணப் புடவை விக்க? நாளையிலேருந்து நீ மாடிக் குடோனுக்குப் போ. தீபாவளிக்கு முன்னால கை மொழுமொழுன்னு ஆகணும். ஒரு கட்டி இருக்கப்படாது. ஆகலைன்னா பட்டுப் பக்கம் நீ வரவே வேண்டாம்."

குடோனில் பேச்சுக்கு ஆள் கிடையாது, வெளிச்சம் கிடையாது. மூட்டையைப் பிரிப்பதும் அடுக்குவதும்தான் வேலை. சம்பளம் குறையாது என்று அண்ணாச்சி சொன்னதுதான் கருணாகரனுக்குக் கூடுதல் எரிச்சல். சம்பளத்துக்காகவா மனுஷர் அந்த விரிப்பில் உட்கார்ந்தார்?

கீழே பருத்திப் பகுதியில் இருக்கிற ஜவஹர், சிந்தாதிரிப்பேட்டைக்காரன், குடோனுக்கு வந்து எட்டிப் பார்த்தான்.

"இன்னா நைனா, கைல கோலிகுண்டு கணக்கா இத்தினி வச்சிக்கினு ஒரு வார்த்த சொல்லலியே? வைத்தியம் இன்னா பண்ண?"

என்ன பண்ணவில்லை என்று கேட்டிருக்க வேண்டும். ஐந்தாறு வருஷம் முன்னால் மணிக்கட்டுக்கு மேலே ஒன்று பட்டாணி அளவில் வந்தது. பெண்டாட்டி தங்கபுஷ்பம் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் போட்டாள். கட்டிக்கு அதில் ஒரு நஷ்டமும் இல்லை. சைதாப்பேட்டைச் சந்தையில் ஒரு வைத்தியர் எருக்கம்பாலில் பத்துப் போட்டார். தோல் வெந்து புண்ணாகி ஆறிற்று, அடியில் கட்டி சௌக்கியமாக இருந்தது. எண்ணெய்ப் பலகாரத்தை விடு என்றார்கள், விட்டார். ஆள் இளைத்தார், கட்டி இளைக்கவில்லை. பிறகு ஒரு டாக்டர் அவசர அவசரமாகக் கீறி எடுத்துவிட்டு, இனி வராது என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னார். இரண்டு வருஷத்தில் அதே தழும்புக்கு அடியிலேயே அது திரும்பி வந்தது. வந்ததோடு போகாமல் முன்கை, முழங்கை, மேல்கை என்று புதுசு புதுசாகக் குடித்தனம் வைத்தது.

"லஸ்ஸுல ஒரு டாக்டர் இருக்காரு. கல்யாணராமன்னு பேரு. எங்க மாமாவுக்கு கயுத்துல பெருசா ஒண்ணு இருந்துச்சு, எட்த்தாரு. இன்னிக்கி வரிக்கும் வரல. போய்ப் பாரு நைனா" என்றான் ஜவஹர்.

அன்று சாயங்காலமே தங்கபுஷ்பத்தைக் கூட்டிக்கொண்டு கருணாகரன் மயிலாப்பூருக்குப் பஸ் ஏறினார். லஸ் முனை தாண்டி ஒரு சின்னச் சந்தில் டாக்டரின் கிளினிக். கல்யாணராமன் ஒல்லியான மனுஷர், அவசரமே கிடையாது. ஒவ்வொரு கட்டியாக இரண்டு விரலால் நகர்த்தி, அழுத்திப் பார்த்தார். விரலுக்கு அடியில் அது நழுவி நழுவிப் போயிற்று. முழங்கைக்குப் பக்கத்தில் இருந்ததை அழுத்தியபோது மட்டும் கருணாகரன் "ஸ்ஸ்" என்றார்.

"இது வெறும் கொழுப்பு. மெல்லிசா ஒரு உறைக்குள்ள உருண்டுண்டு உக்காந்திருக்கு. கெட்ட கட்டி இல்லை, யாருக்கும் ஒட்டாது. உங்க அப்பாவுக்கு இருந்துதா?"

"தொடையில ரெண்டு மூணு இருந்துச்சுங்க. சாகுற வரைக்கும் அது பாட்டுக்கு இருந்துச்சு."

"அதான். உங்க குடும்பத்து வாகு. இதை எந்தப் பத்தும் எண்ணெயும் கரைக்காது, பட்டினி கிடந்தாலும் கரையாது. ஊசி போட்டுக் கரைக்கறேன்னு யாராவது சொன்னா நான் அதை நம்பி உங்களை அனுப்ப மாட்டேன். இருக்கறது ரெண்டே வழி. தொந்தரவு பண்ணாததை விட்டுடறது ஒண்ணு. பண்றதைக் கீறி எடுக்கறது இன்னொண்ணு."

"கீறி எடுத்தும் வந்துச்சே டாக்டர்?"

"உறையோட முழுசா எடுக்காம துளி விட்டுட்டா அதே இடத்துல வரும். உங்களுக்கு மணிக்கட்டுல நடந்தது அதுதான். சுத்தமா எடுத்துட்டா அந்த இடத்துல அநேகமா வராது. ஆனா வேற இடத்துல புதுசா வரதை என்னால நிறுத்த முடியாது. யாராலயும் முடியாது."

கருணாகரன் நிமிர்ந்து உட்கார்ந்தார். பேரம் என்றால் அவருக்குத் தெரியாததா? "எல்லாத்தையும் ஒரே மூச்சா எடுத்திருங்க டாக்டர். மொத்தமா எடுக்கும்போது ஒரு கட்டியும் மிஞ்சப்படாது."

"எடுக்கலாம். பத்துக்கு மேல இருக்கு. கை பூரா தழும்பாகும். ஆறி முடிக்கறதுக்குள்ள புதுசா ஒண்ணு முளைச்சா? அப்புறம் அதையும் எடுக்கணும்பேள். இது முடியற வேலையா? முழங்கையில இருக்கறது நரம்புல இடிக்கறது, அதை எடுத்தாகணும். திரும்பி வந்ததையும் எடுத்து, ரெண்டையும் பரிசோதனைக்கு அனுப்பிப் பாத்துடலாம். பாக்கியை விட்டுடுங்கோ. எதுவாவது கிடுகிடுன்னு வளர்ந்தாலோ, கெட்டியானாலோ, வலிச்சாலோ உடனே வந்து காட்டணும். அதுதான் முக்கியம்."

"கடையில விட மாட்டாங்களே டாக்டர்" என்றார் கருணாகரன். தங்கபுஷ்பம் சட்டென்று திரும்பினாள்.

"உடம்பு ஒங்களுக்கா, கடைக்கா? அண்ணாச்சி சொன்னாருன்னு கையைக் கொத்துபரோட்டா போட்டுக்கிடுவீங்களோ? டாக்டர் சொன்னதை எடுங்க. மிச்சத்துக்கு வாய் இருக்குல்லா ஒங்களுக்கு? மூணு பொம்பளைக்கு முப்பது புடவை விக்கிற வாய்தானே? ஒரு அண்ணாச்சிகிட்டப் பேசுங்க!"

டாக்டர் சிரித்துவிட்டார். கருணாகரனுக்கும் ரோசம் வந்துவிட்டது. ரோசம் வந்தால்தான் அந்த மனுஷருக்குத் தைரியமும் வரும். "ரெண்டை எடுங்க டாக்டர். மிச்சத்தை நான் பாத்துக்கிடுதேன்" என்றார்.

அடுத்த வாரம் அறுவை நடந்தது. கை மட்டும் மரத்துப்போக ஊசி போட்டார்கள். முழித்துக்கொண்டே படுத்திருந்தவர் சும்மா இருப்பாரா? பக்கத்தில் நின்ற நர்ஸ் நஸ்ருன்னிசாவிடம், வீட்டில் விசேஷம் ஏதாவது வருகிறதா என்று ஆரம்பித்தார். தங்கச்சிக்கு நிக்காஹ் என்றாள் அவள். போதாதா! மயில் கழுத்துக் கலருக்கு எந்தக் கரை எடுக்கும், சிவப்பில் எந்தச் சிவப்பு ராத்திரி வெளிச்சத்தில் கறுத்துத் தெரியும் என்று டாக்டர் தையல் போட்டு முடிக்கிறவரைக்கும் ஓயவில்லை. கட்டி உறையோடு வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது, வெண்ணெய் உருண்டை மாதிரி மஞ்சளாக. "இம்புட்டுதானா? இதுக்கா என்னைக் குடோன்ல போட்டாரு?" என்று அதையே கேள்வி கேட்டார்.

பரிசோதனையில் வெறும் கொழுப்புத்தான் என்று வந்தது. தையல் பிரித்து, காயம் ஆறி, முழங்கை வலியும் போயிற்று. தீபாவளிக்கு இன்னும் நாள் இருந்தது. கருணாகரன் அண்ணாச்சியிடம் போய்க் கையைக் காட்டினார்.

அண்ணாச்சி சரியாகப் பார்க்கக்கூட இல்லை. "மிச்சம் அப்படியேல்லா இருக்கு?"

"அதை எடுக்க வேண்டாம்னு டாக்டர் சொல்லிட்டாரு அண்ணாச்சி. ஒட்டாது, ஒண்ணும் செய்யாது. எடுத்தாலும் வேற வரும்."

"அப்போ குடோன்லயே இரு."

"அண்ணாச்சி..."

"போடேன்னா போ!"

போனார். மாடிப்படி ஏறும்போது நெஞ்சு கொதித்தது. மூட்டை மேல் உட்கார்ந்து யோசித்தார். அண்ணாச்சியிடம் பேசி ஆகாது. அவர் கல்லாவில் இருந்துகொண்டு பார்ப்பது வாங்க வருகிறவர்களின் முகத்தைத்தான். அப்படியானால் பேச வேண்டியது அவர்களிடம்.

தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. கடையில் கால் வைக்க இடமில்லை. பட்டுப் பகுதியில் ஜவஹரை உட்கார்த்தி வைத்திருந்தார்கள், அவன் திணறிக்கொண்டிருந்தான். கருணாகரன் அரைக்கைச் சட்டை போட்டுக்கொண்டு, தலையைப் படிய வாரிக்கொண்டு, யாரையும் கேட்காமல் படி இறங்கி வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். "நகரு தம்பி" என்றார்.

"நைனா, அண்ணாச்சி பாத்துக்கினு கீறாரு..."

"பாக்கட்டும். பாக்கத்தானே வந்திருக்கேன்."

எதிரே அடையாறிலிருந்து வந்த ஒரு குடும்பம். அம்மா, இரண்டு பெண்கள், ஒரு அத்தை. கருணாகரன் புடவையைத் தொடவே இல்லை. முதலில் இடது கையை அவர்கள் முன்னால் நீட்டினார்.

"தாயீ, புடவைக்கு முன்னால இதைப் பாத்திருங்க. இது கொழுப்புக்கட்டி. நெசவுல முடிச்சுன்னு அப்புறம் என் சரக்கைக் குத்தம் சொல்லப்படாது பாருங்க. தொட்டா ஒட்டாது. ஒட்டுதா இருந்தா என் வீட்டுக்காரிக்கு ஒட்டியிருக்கணும். அவளுக்கு என் நல்ல குணம்கூட ஒட்டல, இதா ஒட்டப்போவுது?"

அத்தை முகத்தைச் சுளித்துக்கொண்டு கொஞ்சம் பின்னால் நகர்ந்தாள். ஆனால் பெண்களில் மூத்தவள் களுக்கென்று சிரித்தாள். அந்த அம்மாவும் சிரித்துவிட்டு, "எங்க சின்ன மாமனாருக்கு முதுகு பூரா இதேதாங்க. நீங்க விரிங்க" என்றாள்.

விரித்தார். குடோனில் அடைபட்டுக் கிடந்த ஆசையெல்லாம் சேர்ந்து அன்றைக்குக் கை விளையாடியது பாருங்கள், அடேயப்பா! பக்கத்து மூலையில் கைத்தறி பார்த்துக்கொண்டிருந்தவர்கள்கூட இந்தப் பக்கம் வந்து நின்றார்கள். வந்த ஒவ்வொருவரிடமும் முதலில் கையைக் காட்டினார், பிறகு புடவையைக் காட்டினார். இரண்டு பேர் எழுந்து போனார்கள், போகட்டும். மற்றவர்கள் உட்கார்ந்தார்கள். முகம் சுளித்த அத்தையே போகும்போது தனக்கென்று தனியாக ஒன்று எடுத்துக்கொண்டு போனாள்.

மதியம் கூட்டம் கொஞ்சம் அசந்தபோது அண்ணாச்சி கல்லாவிலிருந்து எழுந்தார். "கருணாகரா, மேல வா" என்றார்.

அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டார் கருணாகரன். ஈக்காட்டுத்தாங்கலில் மச்சான் வேலை பார்க்கிற பட்டறையில் சொல்லி வைத்திருப்பதாகத் தங்கபுஷ்பம் சொன்னது ஞாபகம் வந்தது. போனால் போகட்டும், கடைசியாக ஒரு நாள் நிமிர்ந்து உட்கார்ந்தாயிற்று என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டே படி ஏறினார்.

அண்ணாச்சி குடோன் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். சட்டைப் பித்தானைக் கழற்றி, சட்டையை எடுத்து, உள் பனியனையும் தலைவழியாக உருவிவிட்டுத் திரும்பி நின்றார்.

வலது தோள்பட்டைக்குக் கீழே சாத்துக்குடி அளவுக்கு ஒரு கட்டி. அதன் குறுக்கே இரண்டு பழைய தழும்புகள்.

"ரெண்டு தடவை அறுத்தாச்சு. ரெண்டு தடவையும் வந்துட்டு" என்றார் சுவரைப் பார்த்துக்கொண்டே. "செந்தூர்ல சாமி கும்பிடணும்னா சட்டையைக் கழத்தணும்லா. நான் சந்நிதிக்குள்ள போயி பத்து வருசத்துக்கு மேல ஆச்சுடே. வீட்டுல எல்லாரையும் உள்ள அனுப்பிட்டு, நெஞ்சு வலிக்குன்னு சொல்லிட்டு நான் வெளிய கடலைப் பாத்துக்கிட்டு நிப்பேன்."

கருணாகரனுக்கு முதலில் பரிதாபம் வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது, காது வரைக்கும் சூடாக. "அப்போ என்னை எதுக்கு அண்ணாச்சி இந்த இருட்டுல போட்டீங்க? ஒங்களுக்குத் தெரியாதா இது ஒட்டாதுன்னு?"

"தெரியும்டே. உன் கையைப் பாத்ததும் எல்லாரும் என் முதுகைப் பாக்க மாதிரி இருந்துச்சு. அதான்."

அண்ணாச்சியின் தோள் குலுங்கியது. அத்தனை பேரை அதட்டி வேலை வாங்குகிற மனுஷர், துணி மூட்டைகளுக்கு நடுவே வெற்று முதுகோடு நின்று அழுதார். கருணாகரனின் கோபம் எங்கே போயிற்றோ தெரியவில்லை.

"இது வளருதா அண்ணாச்சி?"

"இந்த வருசம் கொஞ்சம் பெருத்திருக்கு."

"அப்போ நாளைக்கே அந்த லஸ் டாக்டர்கிட்டக் காட்டணும். எடுக்கணுமா விடணுமான்னு அவருதான் சொல்லணும், நானும் நீங்களும் சொல்லப்படாது. சாயங்காலம் நான் கூட வாரேன்."

"வலிக்குமாடே?"

வாங்க வந்தவர்களிடம் சரக்கின் குறை எதையும் சொல்லாமல் விற்றுப் பழகிய நாக்கு ஒரு நொடி தயங்கியது. "ஊசி குத்தையில வலிக்கும் அண்ணாச்சி" என்றார். "பெறகு ஒண்ணும் தெரியாது. பேசிக்கிட்டே இருக்கலாம்."

அண்ணாச்சி தலையை ஆட்டினார். "கீழ கூட்டம் வந்திரும். ஜவஹர் பட்டை விரிச்சா போர்வை ஒதறுத மாதிரில்லா இருக்கு. போடே, போய் உன் எடத்துல உக்காரு."

போகவில்லை கருணாகரன். அண்ணாச்சி சட்டையை மாட்டிக்கொண்டு பித்தான் போடப் பார்த்தார். ஒரு பித்தானும் துளைக்குள் போக மறுத்தது. "இங்க திரும்புங்க அண்ணாச்சி" என்று அவரைத் தன் பக்கம் திருப்பி, கழுத்துப் பித்தானிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாகத் தானே போட்டுவிட்டார்.